நாற்பது நாள் புதைத்த கொட்டை

துப்பறியும் நாவல் ஒன்றை ரசித்தேன் என்று சிறுபத்திரிகையில் எழுத வருகிறவன் முதலில் இரண்டு பாராவுக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்வது சம்பிரதாயம். ரயிலில் படிக்க வேறொன்றும் அகப்படவில்லை, காய்ச்சலில் கிடந்தபோது யாரோ கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார்கள், என்ற மாதிரி. நான் காசு கொடுத்து வாங்கினேன். உடம்பு நன்றாக இருக்கும்போதே படித்தேன். கொன்றது யார் என்று தெரிந்த பிறகு இன்னொரு முறையும் படித்தேன். இந்த ரகத்துக்கு இதைவிடக் கடுமையான பரீட்சை கிடையாது. புதிர் அவிழ்ந்த பின் கையில் என்ன மிஞ்சுகிறது என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சுவதில்லை. எட்மண்ட் வில்ஸன் 1945-ல் இந்த வகை எழுத்தின் மேலேயே எரிந்து விழுந்தது இதற்காகத்தான். வைக்கோலைக் கிளறிக் கிளறிக் கடைசியில் துருப்பிடித்த ஆணி ஒன்றைக் கண்டெடுப்பதில் அவருக்கு ஸ்வாரஸ்யம் இல்லை. ஆடனுக்கு இருந்தது. 1948-ல் அவர் தனக்கு இந்தப் பழக்கம் புகையிலை மாதிரி என்று ஒப்புக்கொண்டு, பிறகு அந்தப் பழக்கத்துக்கே ஒரு இறையியலைக் கட்டினார். களங்கமற்ற ஒரு சிறு சமூகம், அதில் ஒரு கொலை, எல்லோர் மீதும் சந்தேகம், துப்பறிகிறவன் வந்து ஒருவனைப் பிரித்தெடுத்ததும் மற்றவர்களுக்குத் திரும்பக் கிடைக்கிற நிரபராதித்தனம். ஏதேன் தோட்டத்து ஏக்கம்.

இரண்டு பேருமே அந்தத் தோட்டத்தில் யார் சமைத்தார்கள் என்று கேட்கவில்லை.

நான் சொல்லவந்த நாவல் ஒவிடியா யூவின் 'ஆன்ட்டி லீஸ் டெட்லி ஸ்பெஷல்ஸ்', 2014-ல் வந்தது. அதற்கு முந்தைய வருஷம் வெளியான 'ஆன்ட்டி லீஸ் டிலைட்ஸ்' இதே பாத்திரங்களின் முதல் கதை. யூ சிங்கப்பூர்க்காரர், அடிப்படையில் நாடகாசிரியர். 1993-ல் எடின்பரோ விழாவில் பரிசு பெற்ற நாடகம் எழுதியவர். நாடகக்காரர் என்பது வசனத்தில் தெரிகிறது. ஒருவர் பேசும்போது இன்னொருவர் கை என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை அவர் மறப்பதில்லை.

இந்த ரகத்துக்குப் பதிப்பாளர்கள் வைத்திருக்கும் பெயர் 'கோஸி'. ரத்தம் பக்கத்தில் தெறிக்காது. படுக்கையறைக் கதவு சாத்தியே இருக்கும். துப்பறிகிறவர் போலீஸ் உத்தியோகத்தில் இருப்பவரல்ல. பெரும்பாலும் வயதான அல்லது நடுவயதுப் பெண். இதில் சாப்பாட்டுக் கிளை ஒன்று தனியாக வளர்ந்தது. 1982-ல் வர்ஜீனியா ரிச், 1990-ல் டயான் மாட் டேவிட்ஸன் என்று அமெரிக்காவில் ஆரம்பித்து, இன்று கேக் கடை, ஜாம் கடை, காப்பிக் கடை என்று ஒரு தெருவே கொலைகளால் நிரம்பிக் கிடக்கிறது. கடைசிப் பக்கங்களில் சமையல் குறிப்பு. இவற்றில் சாப்பாடு கதையின் மேல் தூவிய சர்க்கரைதான். கேக்கை எடுத்துவிட்டுப் பூங்கொத்தை வைத்தாலும் கதை அப்படியே ஓடும். யூவின் நாவலில் இப்படி மாற்றி வைக்க முடியாது. ஏன் முடியாது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கதை இது. ரோஸி லீ என்ற பணக்கார விதவை பிஞ்சாய் பார்க் பகுதியில் சிறிய உணவகம் நடத்துகிறாள். ஊருக்கு அவள் ஆன்ட்டி லீ. (லண்டன் கொச்சையில் 'ரோஸி லீ' என்றால் தேநீர். கதையில் ஒரு வக்கீலுக்குப் பெயர் மைக்ராஃப்ட், ஹோம்ஸின் அண்ணன் பெயர். இந்த மாதிரிச் சில்லறைக் குறும்புகள் நாவலில் ஏராளம். சில மட்டுமே சிரிக்கவைக்கின்றன.) பெரிய வக்கீல் அம்மாள் மேபல் ஸங், மகள் தன் நிறுவனத்தில் பங்குதாரராவதைக் கொண்டாட வீட்டில் விருந்து வைக்கிறாள். சமையல் ஆன்ட்டி லீ. பதார்த்தங்களில் ஒன்று, கோழியும் புவா கெலுவாக் கொட்டையும் சேர்ந்த குழம்பு. விருந்தின் நடுவே மேபலும் நோயாளி மகன் லெனர்டும் இறந்து கிடக்கிறார்கள். குழம்பைச் சாப்பிட்டிருக்கிறார்கள். கொட்டை விஷம் என்று எல்லோருக்கும் தெரியும். சமையலறைக்குப் பூட்டு. யார் செய்தது என்று நான் சொல்லப்போவதில்லை. அது இந்த நாவலின் பலமும் அல்ல.

கெலுவாக் கொட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாகவேண்டும். தென்கிழக்காசியச் சதுப்பு நிலங்களில் வளரும் கெப்பாயாங் என்ற பெரிய மரத்தின் விதை அது. பச்சையாகத் தின்றால் ஸயனைட். மலாய்க்காரர்கள் காதலில் தலைசுற்றிப் போனவனை கெப்பாயாங் தின்று மயங்கியவன் என்பார்கள். இந்த விதையை வேகவைத்து, சாம்பலும் வாழையிலையும் மண்ணும் போட்டு நாற்பது நாள் வரை புதைத்து வைக்கிறார்கள். வெள்ளையாகப் போனது கறுப்பாகத் திரும்பி வருகிறது. விஷம் நீரோடும் மண்ணோடும் போய்விடுகிறது. அதன் பிறகும் வீட்டில் நாள் கணக்கில் ஊறவைத்து, தினமும் தண்ணீர் மாற்றி, ஓட்டைத் தேய்த்துக் கழுவி, ஒரு முனையில் வாய் உடைத்து, உள்ளிருக்கும் கறுப்புப் பருப்பைச் சுரண்டி இடித்து, இறைச்சியோ இறாலோ சேர்த்து மறுபடி ஓட்டுக்குள் திணித்து, புளி கரைத்த குழம்பில் கோழியோடு கொதிக்கவிட வேண்டும். மேஜையில் அதைச் சின்னக் கரண்டியால் குடைந்து தின்பார்கள். மரவள்ளியை வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டுகிறவர்களுக்கு இதன் தர்க்கம் உடனே புரியும். அதுவும் அதே விஷம், அதே ஜாதி வித்தை. முதன்முதலில் எத்தனை பேர் செத்த பிறகு இந்த நாற்பது நாள் கணக்கு ஒரு கைக்கு வந்திருக்கும்? அந்தச் சாவுகளுக்கெல்லாம் கொலையாளி கிடையாது, துப்பறிந்தவளும் கிடையாது. பாட்டிமார்கள் மட்டும் இருந்திருக்கிறார்கள்.

யூ இந்தக் கொட்டையை நாவலின் நடுவில் வைத்தது தற்செயலாக இருக்கலாம். சிங்கப்பூரில் நோன்யா சமையல் என்றதும் எவருக்கும் நினைவுக்கு வரும் பதார்த்தம் அதுதான். ஆனால் வைத்தபின் அது அவரை மீறி வேலை செய்கிறது. ஆங்கிலக் கிராமத்துக் கொலைக் கதைகளில் விஷம் வெளியிலிருந்து வருகிறது. தோட்டக்காரனின் அலமாரியிலிருந்து, டாக்டரின் பையிலிருந்து எடுத்துக் கோக்கோவில் கலக்கிறார்கள். சாப்பாடு களங்கமற்றது, அதில் யாரோ களங்கம் சேர்க்கிறார்கள். ஆடனின் ஏதேன் தோட்டம் தட்டில் சுருங்கியது போல. இங்கே விஷம் முதலிலேயே சாப்பாட்டுக்குள் இருக்கிறது. அதை வெளியே எடுப்பதற்குப் பெயர்தான் சமையல். எனவே கேள்வி 'விஷம் வைத்தது யார்' என்பதிலிருந்து 'விஷத்தை நீக்காமல் விட்டது யார்' என்று திரும்பிவிடுகிறது. ஆன்ட்டி லீக்குக் கோபம் வருவது கொலைப்பழிக்காக அல்ல. தன் கைக்குக் கொட்டை பதம்பார்க்கத் தெரியாது என்று ஊர் நினைத்துவிட்டதே, அதற்காக. ஒரு கொலைக் கதையில் ஒருத்தியின் தொழில் மானம் இவ்வளவு முக்கியமாகிப் போனதை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

அவள் துப்பறியும் முறையும் இதிலிருந்து வருகிறது. ஹோம்ஸ் சிகரெட் சாம்பலைப் படித்தவன். ஆள் போன பின் மிஞ்சியதைப் படிப்பவன். ஆன்ட்டி லீ ஆள் இருக்கும்போதே, அவன் சாப்பிடும்போதே படிக்கிறாள். எதை முதலில் எடுக்கிறான், எதை ஒதுக்குகிறான், பிறர் பார்க்காதபோது என்ன செய்கிறான் என்று. சிங்கப்பூர்ப் பேச்சில் 'கேபோ' என்றொரு சொல் உண்டு, ஹொக்கியனிலிருந்து வந்தது. அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பவர். வசைச் சொல்தான். யூ அதை ஒரு அறிதல் முறையாக உயர்த்துகிறார், அதுவும் பிரகடனம் எதுவும் செய்யாமல். ஒருவருக்கு என்ன பிடிக்கும் என்று கண்டுபிடித்து அதைச் சமைத்துப் போடுவதும், அவர் எதை மறைக்கிறார் என்று கண்டுபிடிப்பதும் ஒரே குறுகுறுப்பின் இரண்டு முகங்கள். உணவகத்தை மூடிய பின் அவள் தவிக்கிற தவிப்பு வருமானம் போன தவிப்பல்ல, பணத்துக்கு அவளிடம் பஞ்சமில்லை. ஊட்ட ஆளில்லாமல் அவளுக்கு யோசனை ஓடவில்லை.

இனி, பாத்திரங்கள். 'பன்முகம்' என்ற சொல் இப்போது பின்னட்டைகளில் மலிந்துவிட்டது. ஒரு சீனர், ஒரு மலாய்க்காரர், ஒரு இந்தியர், ஒரு வெள்ளைக்காரர் என்று பொறுக்கிச் சேர்த்த நாவல்கள் விமானக் கம்பெனிக் காலண்டர் மாதிரி இருக்கின்றன. சிங்கப்பூரில் இந்த ஆபத்து இரட்டை, ஏனெனில் அங்கே அரசே இந்தக் காலண்டரை அச்சடிக்கிறது. சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர் என்று நான்கு பெட்டிகள். 1989 முதல் அரசு அடுக்குமாடிகளில் ஒரு கட்டடத்தில் எந்தப் பெட்டிக்காரர் எத்தனை வீடு வைத்துக்கொள்ளலாம் என்று விகிதம் உண்டு. நான்கு ஆட்சி மொழிகளில் ஒன்றாகத் தமிழ் அங்கே பலகைகளில் இருப்பதும் இந்த ஏற்பாட்டின் பகுதிதான். நமக்கு அதில் பெருமை உண்டு, அந்தப் பெருமையும் பெட்டிக்குள் வைத்துத் தரப்பட்டது.

யூவின் பாத்திரப் பட்டியலைப் பார்த்தால் நான்கு பெட்டியும் நிரம்பித்தான் இருக்கிறது. பெரனாக்கன் விதவை, பிலிப்பினோ வேலைக்காரி, போலீஸ்காரன் ஸலீம், கமிஷனர் ராஜா, முன்னாள் விமானப் பணிப்பெண் செரில். ஆனால் பெட்டிகள் மூடவில்லை. செரிலின் பெயர் லிம்-பீட்டர்ஸ். நடுவிலிருக்கும் அந்தச் சிறு கோட்டில் ஒரு கல்யாணமும் இரண்டு குடும்பங்களின் முகச்சுளிப்பும் இருக்கின்றன. ஆன்ட்டி லீயே எந்தப் பெட்டி? அடையாள அட்டையில் சீனர். அவள் சமையலில் பெலாச்சான், மஞ்சள், எலுமிச்சம்புல், புளி. அவள் போத்தலில் அடைத்து விற்பது சம்பலும் அச்சாரும். 'பெரனாக்கன்' என்ற மலாய்ச் சொல்லுக்குள் 'அனாக்', பிள்ளை, இருக்கிறது. கருப்பை என்றும் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் உண்டு. வந்தவனுக்கும் அந்த மண்ணின் பெண்ணுக்கும் பிறந்தவர்கள். இது சீனருக்கு மட்டும் உரியதல்ல. மலாக்காவில் சுல்தான் காலத்தில் குடியேறிய தமிழ் வணிகர்களின் வழிவந்த செட்டி மலாக்காக்காரர்கள் இருக்கிறார்கள். வீட்டில் மலாய் பேசுகிறார்கள், விநாயகருக்குப் படையல் வைக்கிறார்கள். அவர்கள் சமையலும் பெலாச்சானில்தான் தொடங்குகிறது. குடிக்கணக்குப் படிவம் பிரிக்கிறதை அம்மி சேர்த்து அரைத்து நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. இந்த நாவலில் பன்மை வாழ்வது பாத்திரப் பட்டியலில் அல்ல, மசாலாவில்.

குறையும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. புத்தகம் நியூயார்க்கில் ஒரு பெரிய பதிப்பகத்துக்காக எழுதப்பட்டது. ஆகவே ஒவ்வொரு பதார்த்தமும் மேஜைக்கு வரும்போது கூடவே வழிகாட்டி ஒருவரும் வருகிறார். இது இன்னது, இதில் இன்ன இன்ன சேரும், உள்ளூரில் இப்படிச் சொல்வார்கள். சிங்கப்பூர்க்காரன் சிங்கப்பூர்க்காரனிடம் கெலுவாக் என்றால் என்ன என்று விளக்குவானா? பேச்சு மொழியிலும் இதே சமரசம். அந்த ஊர் ஆங்கிலத்தின் துடுக்கும் வெட்டும் ஒரு வாக்கியத்தில் எட்டிப்பார்த்துவிட்டு அடுத்த வாக்கியத்தில் கோட்டு மாட்டிக்கொள்கின்றன. நாடகத்தில் யூ இதைச் செய்யமாட்டார் என்று நினைக்கிறேன். மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது உள்ளூர் சனம்.

இதையெல்லாம் மன்னித்துவிடலாம். மன்னிக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் என்னை இரண்டாம் முறை படிக்கவைத்தது நீனா.

நீனா பாலிக்னஸாய், பிலிப்பைன்ஸில் நர்ஸுக்குப் படித்தவள், ஆன்ட்டி லீ வீட்டில் வேலை செய்கிறாள். வாட்ஸன் ஸ்தானம் அவளுக்கு. ஆனால் வாட்ஸனைப் போல மந்தமில்லை. எஜமானி கவனிக்காததை அவள் கவனிக்கிறாள், காரியங்களை அவள்தான் முடிக்கிறாள். ஊர் முழுக்க ஆன்ட்டி என்று கூப்பிடுகிறவளை அவள் மட்டும் மேடம் என்கிறாள். அந்த ஒரு விளி வித்தியாசத்தில் நாவலின் முழு அரசியலும் இருக்கிறது. உறவுமுறை வைத்துக் கூப்பிடுவது நம் பக்கத்திலும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

இந்த மேடத்துக்குப் பின்னால் உள்ள சட்டம் கோஸி அல்ல. வீட்டு வேலைக்கு வரும் வெளிநாட்டுப் பெண்ணுக்காக எஜமானர் அரசிடம் 5,000 வெள்ளிக்கு உத்தரவாதம் எழுதிக்கொடுக்க வேண்டும். இந்த நாவல் வந்த காலத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கட்டாய மருத்துவப் பரிசோதனை. கர்ப்பம் என்றால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். வாரம் ஒரு நாள் ஓய்வு என்பதே 2013 ஜனவரி முதல் வழங்கிய அல்லது புதுப்பித்த வேலை அனுமதிகளுக்குத்தான் சட்டமாயிற்று, அதாவது ஆன்ட்டி லீயின் முதல் கதை வெளிவந்த அதே வருஷம். அதையும் காசு கொடுத்து ஈடுகட்ட வழி வைத்திருந்தார்கள். வேலை அனுமதியில் இருப்பவள் சிங்கப்பூர்ப் பிரஜையை மணக்க அரசின் அனுமதி தேவை. போலீஸ்காரன் ஸலீமுக்கு நீனாவின் மேல் ஒரு கண். வாசகனுக்கு இது இதமான உபகதை. சட்டத்துக்கு இது ஒரு விண்ணப்பம்.

யூவுக்கு இதெல்லாம் தெரியும். அவர் அறியாமல் எழுதுகிறவர் அல்ல. முதல் நாவலிலேயே இரண்டு பெண்களின் காதலை, அதை மறைக்க வேண்டியிருந்த குடும்பத்தை, கதையின் நடுவில் வைத்தவர். ஆண்களின் உறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவு அப்போது சட்டப் புத்தகத்தில் இருந்தது, 2022 நவம்பரில்தான் பாராளுமன்றம் அதை நீக்கியது. இந்த இரண்டாம் நாவலிலும் விருந்துக் கொலைக்கு அடியில், உடலுறுப்பு விற்கச் சீனாவிலிருந்து வந்த ஏழைகளின் கதையைப் புதைத்திருக்கிறார். 2008-ல் பெரிய வியாபாரி ஒருவர் சிறுநீரகத்தை விலைக்கு வாங்க முயன்று தண்டிக்கப்பட்ட வழக்கு சிங்கப்பூரையே உலுக்கியது. அதை நினைக்காமல் இதை எழுதியிருக்க முடியாது. ஒரு ஜாதி மனிதர்களின் உடல் இன்னொரு ஜாதி மனிதர்களின் மேஜைக்கு வந்து சேருவது: சாப்பாட்டு நாவலில் இதைவிடக் குரூரமான பதார்த்தம் என்ன இருக்க முடியும்? யூ அந்த இடத்துக்கு நம்மைக் கொண்டுபோகிறார். கொண்டுபோய் நிறுத்திவிட்டு, சட்டென்று தேநீர் ஊற்றிக் கொடுத்துவிடுகிறார்.

ரகத்தின் நிர்ப்பந்தம் இது என்று சொல்லலாம். கோஸியில் கடைசியில் எல்லோரும் மேஜைக்குத் திரும்பவேண்டும். நீனாவின் பிரச்னைக்கு நாவல் தரும் தீர்வு ஆன்ட்டி லீயின் நல்ல மனசு. இந்த எஜமானி நல்லவள், ஆகவே இந்த வீட்டில் சட்டம் கடிக்காது. நல்ல மனசு ஒரு தற்செயல். அடுத்த வீட்டு எஜமானி வேறு மாதிரி இருக்கலாம். நாற்பது நாள் மண்ணில் புதைக்காமல், நாலு கொத்தமல்லித் தழையைத் தூவிக் கொட்டையைப் பரிமாறிவிட்ட மாதிரி இருக்கிறது அது. சமையலில் ஆன்ட்டி லீ ஒருநாளும் செய்யாத காரியத்தை அவளைப் படைத்தவர் கதையில் செய்துவிடுகிறார்.

இந்த இரு நாவல்களுக்கும் இடையே, 2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு, சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் தமிழ்நாட்டுக் கட்டடத் தொழிலாளி ஒருவர் பஸ்ஸில் அடிபட்டு இறந்தார். தொடர்ந்து கலவரம், எரிந்த வண்டிகள், நாடு கடத்தல்கள், மது விற்பனைக்குக் கட்டுப்பாடு. அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு ஆன்ட்டி லீயின் மேஜையில் இடமுண்டா என்று யோசித்துப் பார்த்தேன். ஆள் வந்தால் அவள் சோறு போடுவாள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இந்த ரகத்துக்குள் அவன் பிணமாகவோ சந்தேகத்துக்குரியவனாகவோ மட்டுமே நுழையமுடியும். துப்பறிகிறவனாக முடியாது. அவனுக்கும் நிறையத் தெரியும். எந்தக் கட்டடத்தில் எந்தச் சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவனைவிடத் தெரிந்தவன் அந்த ஊரில் யார்?

இவ்வளவும் சொன்ன பின்னும் எனக்கு இந்த நாவல் பிடித்திருக்கிறது. தாராளமாகவே பிடித்திருக்கிறது. நம்மிடையே தீவிரமாக எழுதப்படும் நாவல்களில் மனிதர்கள் சாப்பிடுவதே இல்லை. அபூர்வமாகச் சாப்பிட்டாலும் அது வறுமையைக் காட்டவோ ஜாதியைக் காட்டவோ வைத்த சாப்பாடாக இருக்கிறது, ருசி இருப்பதில்லை. ஒரு பெண் ஐம்பது வருஷமாகக் கையில் சேர்த்துவைத்த அறிவை, அளவு கரண்டி இல்லாத அறிவை, மூளையின் அறிவுக்குச் சமமாக நிறுத்த ஒரு வணிக நாவலுக்கு முடிந்திருக்கிறது. பெரிய வாய்ச்சவடால் இல்லாமல் முடிந்திருக்கிறது. வில்ஸனின் துருப்பிடித்த ஆணியைத் தேடிப்போய் எனக்கு அகப்பட்டது இந்தக் கறுப்புக் கொட்டை.

ஆன்ட்டி லீ நாவல்கள் நான்கு. 2017-ல் யூ அந்தச் சமையலறையைச் சாத்திவிட்டு 1936-ஆம் வருஷத்துக் காலனி சிங்கப்பூருக்குப் போய், வேறொரு பெண்ணை வைத்து வேறொரு வரிசை எழுத ஆரம்பித்துவிட்டார். சாத்துவதற்கு முன் எழுதிய கடைசிக் கதையில் ஆன்ட்டி லீ நீனாவைத் தன் பழைய சிநேகிதி வீட்டுக்கு உதவிக்கு அனுப்புகிறாள். அரைப்படி அரிசி இரவல் கொடுப்பது போல. அந்த வீட்டில் ஏற்கெனவே இருந்த வேலைக்காரப் பெண் காணாமல் போயிருக்கிறாள்.